கொங்கு வாக்குப்பெட்டி – 11: டெல்லிக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று

2019 மே 23. பொள்ளாச்சி மக்களவைத் தொகுதியில் எண்ணி முடித்தபோது அ.தி.மு.க.வின் சி.மகேந்திரன் 1,75,883 வாக்குகள் பின்தங்கித் தோற்றிருந்தார். அதற்கு ஐந்தாண்டு முன்னால், 2014-இல், இதே ஊர்க்காரர்கள்தான் அவரை 1,40,974 வாக்கு வித்தியாசத்தில் டெல்லிக்கு அனுப்பிவைத்தார்கள். இனி அவர் கதை அவ்வளவுதான் என்று நினைத்தவர்கள் இரண்டு ஆண்டு பொறுத்திருந்தால் போதும். 2021 மே 2 அன்று அதே மகேந்திரன், அதே மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய மடத்துக்குளத்தில் ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனார்.

அவர் மட்டுமா? பொள்ளாச்சி மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: தொண்டாமுத்தூர், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, வால்பாறை, உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம். தமிழ்நாடு முழுக்க தி.மு.க. ஜெயித்து ஆட்சிக்கு வந்த 2021-இல் இந்த ஆறும் அ.தி.மு.க.வுக்குப் போயின. மூன்று வருடம் கழித்து 2024-இல் மக்களவைத் தேர்தல் வந்தது. தி.மு.க.வின் க.ஈஸ்வரசாமி 2,52,042 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆட்கள் அதே ஆட்கள். பெரும்பாலும் அதே பள்ளிக்கூடம், அதே வரிசை.

உடுமலைக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டால் பெரிதாக ஆச்சரியப்படமாட்டார். “அது டெல்லி ஓட்டுங்க, இது கோட்டை ஓட்டு” என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, கொப்பரை விலைக்குப் பேச்சைத் திருப்பிவிடுவார். ஆனால் இந்தப் பழக்கம் 2019-இல் முளைத்ததில்லை. அதன் வேரைப் பிடிக்க வேண்டுமானால் எழுபது வருடம் பின்னால் போக வேண்டும். போகும் வழியில் வாய்க்கால் ஒன்று குறுக்கே வரும். தொகுதி வரைபடத்தில் கிழித்த கோடுகளும் வரும்.

முதல் தேர்தலில் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வேலையே கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டியின் மேல் அவர் சின்னம். திரைக்குப் பின்னால் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். காங்கிரஸ் பெட்டியில் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. கவலை இறைத்துப் பிழைத்த ஊர்களில், காங்கேயம் காளைகளைப் பிள்ளைபோல் வளர்த்த வீடுகளில், அந்தப் படத்துக்கு விளக்கம் சொல்லத் தேவைப்பட்டிருக்காது.

அந்தக் காளைகளின் பேரில் பொள்ளாச்சியிலிருந்து முதலில் டெல்லி போனவர் ஜி.ஆர்.தாமோதரன். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியை வளர்த்தவர். தமிழில் அறிவியல் எழுத வேண்டும் என்று ‘கலைக்கதிர்’ இதழைக் கொண்டுவந்தவர். 1957-இல் வென்ற பி.ஆர்.ராமகிருஷ்ணனும் கோவையின் பொறியியல் கல்லூரி வட்டத்தைச் சேர்ந்தவரே. பருத்தி விளைவித்த கிராமங்கள் வாக்களித்தன. பஞ்சாலையையும் பட்டறையையும் கல்லூரியையும் கட்டிய கோவைக் குடும்பங்கள் டெல்லியில் உட்கார்ந்தன. அப்போது அது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

மூன்றாவது முறைதான் மண்ணின் ஆள் வந்தார். பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி.சுப்பிரமணியம், ராஜாஜி, காமராஜர் அமைச்சரவைகளில் பத்து வருடம் நிதியும் கல்வியும் பார்த்துவிட்டு, 1962-இல் சொந்தத் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனார். அவர் கையோடு கொண்டுபோன பெருமை பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம். ஊரில் சொல்வது பி.ஏ.பி. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆனைமலை ஆறுகளை மலையைக் குடைந்து கிழக்கே திருப்புகிற வேலை அது. ஆறுகள் உற்பத்தியாகும் இடம், அணை கட்டும் இடம், பாசன நிலம் எல்லாம் இரு மாநிலங்களுக்குள் பின்னிக் கிடந்ததால் கேரளத்தோடு பேசிப் பேசியே வேலை நடந்தது. 1970 மே 29-இல்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று பின்தேதியிட்டுக்கொண்டார்கள். காகிதத்துக்கு முன்னால் கான்கிரீட் போன கதை.

சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து மலையடிவாரத்தைச் சுற்றி வளைந்து வருகிற காண்டூர் கால்வாய், அந்தத் தண்ணீரைத் திருமூர்த்தி அணையில் கொண்டுவந்து சேர்க்கிறது. உடுமலையின் அரசியலைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் போக வேண்டிய இடம் அந்த அணைக்கட்டுதான். கட்சி அலுவலகங்களுக்கு அப்புறம் போகலாம்.

சி.எஸ். டெல்லியில் எஃகு அமைச்சரானார்; 1964-இல் உணவு, வேளாண்மை. மெக்சிகோவின் குட்டைக் கோதுமை விதையைக் கப்பல் கப்பலாக இறக்கிப் பசுமைப் புரட்சிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் பொள்ளாச்சி எம்.பி. என்பது இன்றைக்கும் இந்தப் பக்கத்தார் சொல்லிக்கொள்ளும் சேதி. ஆனால் அந்தப் பதவிக் காலத்தில் அவர் தொகுதி மறக்காத நாள் வேறு.

1965 பிப்ரவரி. இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. 11-ஆம் தேதி சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலகுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். மறுநாள், 12-ஆம் தேதி, அவருடைய தொகுதியின் தலைநகரான பொள்ளாச்சியிலேயே துப்பாக்கிச் சூடு. இராணுவம் இறங்கியிருந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசு சொன்ன கணக்கும் ஊர் சொன்ன கணக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. விலகல் கடிதம் பிறகு திரும்பிவிட்டது; அமைச்சர் அமைச்சராகவே தொடர்ந்தார். செத்தவர்களின் கணக்கு திரும்பவில்லை.

1967-இல் அவர் பொள்ளாச்சியில் நிற்கவில்லை. பக்கத்தில் கோபிச்செட்டிபாளையத்துக்குப் போனார், அங்கே தி.மு.க.வின் பி.ஏ.சாமிநாதனிடம் தோற்றார். நாட்டுக்கே சோறு போடப் பாடுபட்ட உணவு அமைச்சரை, அரிசிப் பஞ்சத்தைப் பேசியே தி.மு.க. வீட்டுக்கு அனுப்பியது. ரூபாய்க்கு மூன்று படி என்ற பேச்சுக்கு முன்னால் மெக்சிகோக் கோதுமை நிற்குமா? பொள்ளாச்சியிலும் நாராயணன் என்ற தி.மு.க. வேட்பாளர் வென்றார். தி.மு.க. அந்த ஆண்டு போட்டியிட்ட 25 மக்களவைத் தொகுதிகளையும் வாரிச் சுருட்டியது. மூன்று தேர்தல் உழுத இரட்டைக் காளை இந்தத் தொகுதியில் அதோடு படுத்தது.

உடுமலை சட்டமன்றத் தொகுதியில் அதே அலை கரைசேர்த்தவர் எஸ்.ஜே.சாதிக் பாட்சா. 1967, 1971, பிறகு 1989 என்று மூன்று முறை இந்த ஊர் அவரைத் தேர்ந்தெடுத்தது. முஸ்லிம்கள் சிறிய பங்கே உள்ள, கவுண்டர்களும் நாயக்கர்களும் தோட்டம் துரவோடு வாழும் தொகுதியில் இது நடந்தது. கருணாநிதியின் அமைச்சரவையில் இருந்தார், 1972-இல் எம்.ஜி.ஆர். வெளியேற்றப்பட்டதற்குப் பிந்தைய ஆண்டுகளில் தி.மு.க.வின் பொருளாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது. கட்சியின் கணக்கைக் கேட்டுத்தானே எம்.ஜி.ஆர். சண்டையைத் தொடங்கினார்! அந்தக் கணக்குப் புத்தகம் பின்னர் உடுமலை தேர்ந்தெடுத்த ஒருவர் கைக்கு வந்தது.

அந்தச் சண்டையில் பிறந்த கட்சிதான் பிறகு இந்த மண்ணையே எடுத்துக்கொண்டது என்பது வேறு கதை. 1977-இல் உடுமலையில் அ.தி.மு.க.வின் பெ.குழந்தைவேலு வென்றார். எம்.ஜி.ஆர். அமைச்சரவையிலும் இடம் பிடித்தார்.

இங்கே நிறுத்தி ஒரு கோட்டைப் பார்க்க வேண்டும். எழுபதுகளின் நடுவில் தொகுதிகளை மறுவரையறை செய்தபோது, பக்கத்திலிருந்த தாராபுரம் மக்களவைத் தனித் தொகுதி வரைபடத்திலிருந்தே காணாமல் போனது. அதன் இடத்தில் பொள்ளாச்சி தனித் தொகுதியானது. 1977 முதல் 2004 வரை ஒன்பது மக்களவைத் தேர்தல்கள்; ஒன்பதிலும் பட்டியல் சாதியினரே நிற்க முடியும். கே.ஏ.ராஜு, சி.டி.தண்டபாணி, அன்னநம்பி, ராஜா ரவிவர்மா, வி.கந்தசாமி, தியாகராஜன், டாக்டர் சி.கிருஷ்ணன் என்று ஏழு பேர் இந்தக் காலத்தில் உறுப்பினரானார்கள். இவர்களில் தண்டபாணி முன்பு அந்த மறைந்த தாராபுரத்திலிருந்து வந்தவர்.

நிலமும் சங்கமும் வாய்க்கால் பாசன சபையும் ஒரு பக்கம். டெல்லி நாற்காலி இன்னொரு பக்கம். முப்பது வருடம் இரண்டும் ஒரே கையில் இருக்கவில்லை. இந்தியாவில் தனித் தொகுதிகள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விஷயம்தான் இது; ஆனால் கொங்கில் அதன் கூர்மை அதிகம். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் மக்களவைத் தேர்தலில் பெரிய அக்கறை காட்டாமல், சட்டமன்றத்துக்குத் தங்கள் பலத்தைச் சேர்த்துவைத்தார்கள் என்று தோன்றுகிறது. ‘அது டெல்லி ஓட்டு’ என்கிற அலட்சியம் அங்கேதான் ஊறியிருக்க வேண்டும்.

டெல்லி ஆசை உள்ளவர்கள் என்ன செய்தார்கள்? வேறு வாசல் பார்த்தார்கள். இரண்டு முறை உடுமலை எம்.எல்.ஏ.வாக இருந்த குழந்தைவேலு 1984-இல் கோபிச்செட்டிபாளையத்தில் நின்று மக்களவைக்குப் போனார். அங்கே தன் கட்சிக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். சொந்த ஊர்த் தொகுதியில் அவருக்கு அந்தக் கதவு சட்டப்படி மூடியிருந்தது.

இரண்டு ஓட்டுக் கணக்கின் முதல் பாடமும் இந்தக் காலத்தில்தான். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் சேர்ந்து நின்றன. எம்.ஜி.ஆர். கட்சிக்குத் தமிழகம் முழுக்கக் கிடைத்தது கோபியும் சிவகாசியும் மட்டுமே. பொள்ளாச்சி தி.மு.க.வின் தண்டபாணிக்குப் போனது. எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல். அதே மக்கள் எம்.ஜி.ஆரை மறுபடி முதலமைச்சராக்கினார்கள். உடுமலையில் குழந்தைவேலுவும் மறுபடி வென்றார். 2019-க்கும் 2021-க்கும் நடுவே பொள்ளாச்சியில் நடந்ததை நாற்பது வருடம் முன்னாலேயே ஒத்திகை பார்த்துவிட்டார்கள்.

மற்ற தேர்தல்களை வேகமாகக் கடந்துவிடலாம். இந்திரா மறைவின் அனுதாபம் 1984-இல், ராஜீவ் மறைவின் அனுதாபம் 1991-இல், இரண்டிலும் அ.தி.மு.க. – காங்கிரஸ் கூட்டு. 1996-இல் மூப்பனாரின் த.மா.கா. கோவைக் குண்டுவெடிப்பின் சூடு ஆறாத 1998-இல் அ.தி.மு.க. – பா.ஜ.க. அணி. ஊருக்கு வெளியே அடித்த காற்றெல்லாம் இங்கேயும் அடித்தது. ஒரு வேடிக்கையை மட்டும் சொல்லிவிட வேண்டும்: ம.தி.மு.க.வின் டாக்டர் கிருஷ்ணன் 1999-இல் ஜெயித்தபோது பா.ஜ.க. இருந்த அணி, 2004-இல் ஜெயித்தபோது காங்கிரஸ் இருந்த அணி. ஆள் ஒருவர், தொகுதி ஒன்று, டெல்லியில் எதிரெதிர் அரசுகள். வாக்காளர் அணியையா பார்த்தார், ஆளையா?

இதற்கிடையே கட்சிகளுக்கு வெளியே ஒரு பெரிய சத்தம் எழுந்து அடங்கியது. வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவின் விவசாயிகள் சங்கம் மின்கட்டணத்தை எதிர்த்து 1972-இல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே அடைத்தது. பம்புசெட்டை நம்பிய உடுமலை, குடிமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் சங்கத்தின் பச்சைத் துண்டுக்கு மரியாதை இருந்தது. பின்னாளில் சங்கம் கட்சியாகவும் ஆனது. ஆனால் வண்டியை நிறுத்தத் தெரிந்த கூட்டத்துக்கு வாக்குப் பெட்டியை நிரப்பத் தெரியவில்லை. சங்கத்துக்குச் சந்தா கொடுத்தவர் தேர்தலன்று இரட்டை இலைக்கோ உதயசூரியனுக்கோ போட்டுவிட்டு வந்தார். இலவச மின்சாரம் கடைசியில் வந்தது. அதைக் கொடுத்த பெருமையைக் கழகங்கள் பங்குபோட்டுக்கொண்டன.

அடுத்த கோடு 2008-இல் விழுந்தது. தாராபுரமும் பொங்கலூரும் பொள்ளாச்சி மக்களவைத் தொகுதியை விட்டுப் போயின; தொண்டாமுத்தூர் உள்ளே வந்தது; உடுமலையின் கிழக்கிலிருந்து மடத்துக்குளம் என்று புதிய சட்டமன்றத் தொகுதி பிறந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், பொள்ளாச்சி பொதுத் தொகுதியானது. அதே கோட்டில் நீலகிரி தனித் தொகுதியாக, பெரம்பலூர் பொதுவாகிப்போன ஆ.ராசா மலையேறி வந்தார். அடுத்த ஆண்டே உடுமலை கோவை மாவட்டத்திலிருந்து கழன்று புதிய திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்தது. ஆக, எம்.பி. பொள்ளாச்சி, கலெக்டர் திருப்பூர், பழகிய ஆஸ்பத்திரியும் காலேஜும் கோவை.

கதவு திறந்ததும் முப்பது வருடம் காத்திருந்த சாதிக் கணக்கு உள்ளே நுழைந்தது. 2009 தொடக்கத்தில் கொங்கு வேளாளக் கவுண்டர் அமைப்புகள் கூடிக் கருமத்தம்பட்டியில் பெரிய மாநாடு நடத்தி, கொங்குநாடு முன்னேற்றப் பேரவையை அரசியல் கட்சியாக அறிவித்தன. சில மாதங்களில் வந்த மக்களவைத் தேர்தலில் பொள்ளாச்சியில் அதன் வேட்பாளர் பெஸ்ட் ராமசாமி ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கினார். அ.தி.மு.க.வின் கே.சுகுமார் தி.மு.க.வின் கு.சண்முகசுந்தரத்தை வென்ற வித்தியாசமே சுமார் 46 ஆயிரம்தான். கழகங்கள் இரண்டும் திடுக்கிட்டு உட்கார்ந்த நாள் அது. 2014-இல் கொங்குக் கட்சியின் ஈ.ஆர்.ஈஸ்வரன் பா.ஜ.க. அணியில் நின்று 2,76,118 வாக்குகளோடு இரண்டாமிடம் பிடித்தார், தி.மு.க. மூன்றாவது. 2019-இல் அதே கட்சி தி.மு.க.வோடு போய், நாமக்கல்லில் உதயசூரியனில் நின்று ஜெயித்தது. தனி மரமாக நின்று காட்டிய பலம், யார் தோட்டத்தில் நடலாம் என்று பேரம் பேசுகிற பலமாக மாறியது.

இந்தக் கணக்கின் இருண்ட பக்கத்தையும் உடுமலை பார்த்தது. 2016 மார்ச் 13, ஞாயிறு. உடுமலை பேருந்து நிலையத்தின் பக்கம், பட்டப்பகலில், ஆள் நடமாட்டத்தின் நடுவே, வேறு சாதிப் பெண்ணை மணந்த தலித் பொறியியல் மாணவர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த மனைவியும் வெட்டுப்பட்டார். கண்காணிப்பு கேமராவில் பதிந்த அந்தக் காட்சியை நாடே பார்த்தது. இரண்டு மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். ஊரின் பேர் இந்தியா முழுக்க அடிபட்டுக்கொண்டிருந்த விஷயம், ஊரின் பெரிய பிரசார மேடைகளில் மட்டும் தொண்டைக்குள்ளேயே நின்றது. எந்தப் பக்கம் பேசினாலும் எந்த வாக்கு போகும் என்ற பயம். மே மாதம் அ.தி.மு.க.வின் உடுமலை கே.ராதாகிருஷ்ணன் 5,687 வாக்கு வித்தியாசத்தில் வென்று அமைச்சரானார்.

(அவருக்கு முன்னால், 2011-இல், உடுமலை தேர்ந்தெடுத்தது பொள்ளாச்சி வி.ஜெயராமனை. பெயரிலேயே பக்கத்து ஊரைச் சுமந்தவரை எம்.எல்.ஏ. ஆக்கிய பெருந்தன்மை இந்த ஊருக்கு. அடுத்த முறை அவர் பேருக்கேற்ற தொகுதிக்குப் போய்விட்டார்.)

2019-க்கு வருவோம். தேர்தலுக்குச் சில வாரம் முன்னால் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு வெடித்தது. கல்லூரி மாணவிகள் தெருவில் உட்கார்ந்தார்கள். ஆளுங்கட்சிக்கு அது பேரிடி. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. 2019-இல் சண்முகசுந்தரம் வாங்கிய 5,54,230 வாக்குகளுக்கு இந்த வழக்கே காரணம் என்று எழுதியவர்கள் உண்டு. முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. அந்த வருடம் அ.தி.மு.க. அணிக்குத் தேனி தவிர எதுவும் மிஞ்சவில்லை. வழக்கு எரிகிற வீட்டில் எண்ணெய். வீடு முன்னமே எரிந்துகொண்டிருந்தது. அப்படி இல்லையென்றால் இரண்டே வருடத்தில் பொள்ளாச்சி உட்பட ஆறு தொகுதியும் எப்படி அ.தி.மு.க. பக்கம் திரும்பியிருக்கும்?

கட்சியும் கோடும் ஆளும் இப்படி மாறிக்கொண்டே இருக்க, மாறாத கோரிக்கை ஒன்று இருக்கிறது. ஆனைமலையாறு – நல்லாறு திட்டம். பி.ஏ.பி. ஒப்பந்தத்தில் தமிழகத்துக்கு 30.5 டி.எம்.சி. உரிமை, அதில் ஆனைமலையாற்றின் 2.5 டி.எம்.சி.யும் சேர்த்தி. கேரளம் இடைமலையாறு அணையைக் கட்டி முடித்தபின் தமிழகம் ஆனைமலையாற்றில் கை வைக்கலாம் என்று எழுதிவைத்தார்கள். அணை எண்பதுகளிலேயே எழும்பிவிட்டது. அப்புறம் பேச்சு, குழு, கடிதம், மறுபடி பேச்சு. இதற்கிடையில் ஆயக்கட்டு மட்டும் பெருகி 3.77 லட்சம் ஏக்கரானது. நான்கு மண்டலமாகப் பிரித்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்கு விட்ட தண்ணீர் மறுபடி அதே மடைக்கு வர இரண்டு வருடம் ஆகும்.

தண்ணீர் திறக்கிற அன்று வாய்க்கால் கரையில் நின்று பார்த்தால் தெரியும். முதலில் வருவது நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலும். அதன் பின்னாலேயே, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மடைமுறைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விவசாயி நடந்து வருவார். அவருடைய முறை நடுராத்திரி இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான். மேல்மடையில் யாராவது குழாய் போட்டு உறிஞ்சியிருந்தால் கீழ்மடைக்குச் சண்டை. இந்தச் சண்டை எந்தத் தேர்தல் அறிக்கையிலும் வராது. நல்லாறு மட்டும் எல்லா அறிக்கையிலும் வரும்.

திருமூர்த்தி மலைக்கு மேலே கணக்கே வேறு. குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு என்று ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளில் முதுவரும் புலையரும் வாழ்கிறார்கள். அணைக்கு வரும் தண்ணீர் அவர்கள் காட்டில் பிறப்பது. ஒழுங்கான பாதை இல்லாததால் நோயாளியையும் கர்ப்பிணியையும் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய சேதி வருடம் தவறாமல் செய்தித்தாளில் வந்தது. வாக்குப்பதிவு இயந்திரம் மட்டும் குறித்த தேதியில் மேலே ஏறி, குறித்த தேதியில் கீழே இறங்கிவிடும்.

2024 ஏப்ரலில் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் தனித்தனியே நின்றன. அ.தி.மு.க.வின் கார்த்திகேயனுக்கு 2,81,335. பா.ஜ.க.வின் வசந்தராஜனுக்கு 2,23,354. இரண்டையும் கூட்டினாலும் ஈஸ்வரசாமியின் 5,33,377-ஐத் தொடவில்லை. எண்ணிக்கை முடிந்த அன்று மாலை உடுமலையில் வெடித்த பட்டாசுச் சத்தத்தைக் கேட்டு, தோற்ற கட்சிக்காரர்கள் அவ்வளவாக முகம் வாடியிருக்கமாட்டார்கள். அவர்களுக்கும் அந்தப் பழைய கணக்கு தெரியும்: போனது டெல்லி ஓட்டு.

வரைபடத்திலிருந்து 1977-இல் காணாமல் போன தாராபுரம் மக்களவைத் தொகுதியின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)